பொச்சு, உமி, ஊமற்கரி வைத்துப் பார உலோகம் அகற்றப் போகிறீர்களா? இந்தப் பிழைகளைச் செய்யாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் ஏ.எல் செயற்றிட்டம் செய்கிற பிள்ளைகளிலிருந்து இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற பல்கலைக்கழக மாணவர் வரைக்கும் பலர் கேட்கிற கேள்வி: வளவில் சும்மா கிடக்கிற உமி, பொச்சுமட்டை, வாழைத்தோல், ஊமற்கரி (காய்ந்த பனங்கொட்டையைச் சுட்ட கரி) இவற்றை வைத்துக் கழிவுநீரில் உள்ள ஈயத்தையும் செப்பையும் பிடிக்கலாமா? பிடிக்கலாம். தாவரக் கலச்சுவரில் இருக்கிற செலுலோசு, இலிக்னின், பெக்ரின் போன்றவற்றில் காபொட்சில், ஐதரொட்சில் கூட்டங்கள் உண்டு, நேரேற்றம் உள்ள உலோக அயன்கள் அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் முதல் பிழை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. எந்த உமி நல்லது என்று கேட்கிறார்கள், எந்தத் தண்ணீர் என்று கேட்பதில்லை.

நகைப்பட்டறைக் கழிவு நைத்திரிக் அமிலத்தில் செப்புக் கரைந்து நீலப்பச்சையாக இருக்கும். பற்றறி திருத்துகிற இடத்துத் தண்ணீரில் சல்பூரிக் அமிலமும் ஈயமும். முலாம் பூசுகிற இடம் என்றால் குரோமியம், சில வேளை சயனைட்டு. மூன்றுக்கும் ஒரே உமியை ஒரே மாதிரிக் கொட்டினால் மூன்றிலும் தோல்விதான். பீஎச் (அமில, கார அளவு; குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) 1, 2 என்று கிடக்கிற அமிலத் தண்ணீரில் ஐதரசன் அயன்கள் முந்திப்போய் எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும், உலோகத்துக்கு இருக்க இடமே இராது. ஈயம், செப்பு, கட்மியம் போன்றவற்றுக்குப் பொதுவாகப் பீஎச் 5ஐ ஒட்டித்தான் நல்ல வேலை நடக்கும். அதைவிட ஒன்று, செறிந்த நைத்திரிக் அமிலத்துக்குள் காய்ந்த உமியையோ தும்பையோ போடவே கூடாது. சூடேறிக் கபிலநிறப் புகை வரும், தீயும் பற்றலாம். சயனைட்டு இருக்கக்கூடிய தண்ணீரில் அமிலத்தை ஊற்றினால் வருவது உயிரைக் குடிக்கிற வாயு, அந்தத் தண்ணீரைச் செயற்றிட்டத்துக்கு எடுக்கவே வேண்டாம்.

பீஎச் கூடினாலும் சிக்கல்தான், ஆனால் இது ஆளை ஏமாற்றுகிற சிக்கல். உமிச்சாம்பல் காரத்தன்மை உள்ளது. அதைப் போட்டதும் பீஎச் 8, 9க்கு ஏறி, உலோகம் கரையாத ஐதரொட்சைட்டாக வீழ்படிந்துவிடும். வடித்துப் பார்த்தால் 99 சதவீதம் போய்விட்டது! சாம்பல் உறிஞ்சிவிட்டதென்று அறிக்கையும் எழுதியாயிற்று. உண்மையில் அந்த வேலையைச் செய்தது காரம், அதற்கு ஒரு பிடி சுண்ணாம்பே போதும். இதைப் பிடிக்க ஒரே வழி, உமி போடாத ஒரு போத்தலில் அதே பீஎச்சுக்குக் கொண்டுவந்து, அதே வடிதாளில் வடித்து ஒப்பிடுவது. இந்த ஒப்பீட்டுப் போத்தல் இல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

குரோமியத்தில் கதை தலைகீழ். ஆறு வலுவளவுள்ள குரோமியம் எதிரேற்ற அயனாக இருப்பதால் பீஎச் 2ஐ ஒட்டித்தான் ஒட்டும், ஒட்டும்போதே உமியும் பொச்சும் அதை மூவலுவளவுள்ளதாகத் தாழ்த்திவிடும். மஞ்சள் நிறம் மறைந்ததும் குரோமியம் போய்விட்டதென்று நினைக்கிறோம். போகவில்லை, நிறம்தான் போனது. மொத்தக் குரோமியத்தை அளக்காமல் ஆறு வலுவளவை மட்டும் காட்டுகிற நிறச் சோதனையோடு நிற்பது இந்தத் துறையில் பழைய பிழை. ஆசனிக்கும் எதிரேற்றமாகவோ ஏற்றமே இல்லாமலோதான் இருக்கும், வெறும் உமி அதை அவ்வளவாகச் சீண்டாது.

அடுத்தது எங்கள் ஊர்ப் பிரச்சினை. குடாநாட்டுக் கிணற்றுத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது, கல்சியமும் இருகாபனேற்றும் நிறைய. அதில் ஈய நைத்திரேற்றைக் கரைத்தால் தண்ணீர் பால்போல வெளிறிவிடும், உமி போடுவதற்கு முன்பே ஈயத்தில் ஒரு பங்கு காபனேற்றாகப் படிந்துவிட்டது என்று அர்த்தம். சரி, அதனால் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் செய்தால்? அப்போது போட்டிக்குக் கல்சியமே இல்லை, எண்கள் அழகாக வரும், உண்மைக் கழிவுநீருக்குப் போனதும் பாதியில் நின்றுவிடும். இரண்டிலும் செய்துபாருங்கள், இரண்டையும் எழுதுங்கள்.

சதவீதத்தில் மயங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் ஈயம் உள்ள 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் உமி போட்டால் 99 சதவீதம் போகலாம். கணக்குப் பாருங்கள்: ஒரு கிராம் உமி பிடித்தது வெறும் ஒரு மில்லிகிராம். இருநூறு லீற்றர் பரல் ஒன்றுக்குப் பத்துக் கிலோ உமி வேண்டும். மிஞ்சியதோ லீற்றருக்கு 0.5 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்கிற 0.01இன் ஐம்பது மடங்கு. 2011இல் பிரேசில் ஆய்வாளர்கள் வாழைத்தோலால் செப்பும் ஈயமும் அகற்றிக் காட்டிய செய்தி வந்தபிறகு, தோலைப் போட்டுத் தண்ணியைக் குடிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

என் அபிப்பிராயத்தில் இந்தக் கழிவுப்பொருள்கள் கடைசிக் கட்டத்துக்கு உரியவை. பற்றறித் தண்ணீர் என்றால் முதலில் நீற்றுச் சுண்ணாம்பால் அமிலத்தை முறித்து, படிகிற ஈயத்தைப் படியவிட்டு, தெளிந்ததன் பீஎச்சைச் சரிபார்த்து, மிச்சத்துக்குத்தான் உமி. சுண்ணாம்புக்கல் துண்டுகளை அப்படியே போட்டால் மேலே ஜிப்சம் படிந்து தாக்கம் நின்றுவிடும், தூளாக நீற்றியதுதான் சரி.

பொருளைக் கழுவாமல் போடுவதும் உண்டு. தும்புச்சோற்றை (பொச்சிலிருந்து உதிர்கிற தூளை) ஊறவைத்துப் பாருங்கள், தேத்தண்ணி நிறத்தில் தனின் இறங்கும், அது தண்ணீரில் புது அழுக்கு. நிறம் நிற்கும்வரை கழுவிக் காயவைத்துத்தான் எடுக்க வேண்டும். மிக நுண்ணிய தூளாக அரைத்துக் குழாயில் அடைத்தால் ஊதி அடைபட்டு நீரே போகாது. புகையிலைத்தண்டு இலவசமாகக் கிடைக்கிறதென்று எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: புகையிலை மண்ணிலிருந்து கட்மியத்தை உறிஞ்சிச் சேர்க்கிற பயிர். செப்பு மருந்து அடித்த திராட்சைக் கொடியிலும் செப்பு இருக்கும். அகற்ற நினைக்கிற உலோகத்தை நீங்களே கொண்டுபோய்ப் போடாமல் இருக்க, முதலில் வெறும் நீரில் ஊறவைத்து அந்த நீரை அளந்துவிடுங்கள்.

அப்புறம், எல்லாவற்றிலும் பெரிய பிழை. உலோகம் பிடித்த உமியை என்ன செய்வது? பசளைக் கிடங்கில் போடுகிறார்கள், தென்னை அடியில் தாட்டுவிடுகிறார்கள், குப்பையோடு கொளுத்துகிறார்கள். கொளுத்தினால் ஈயமும் கட்மியமும் புகையிலும் சாம்பலிலும் வரும். தாட்டால், எங்கள் மண் மெல்லியது, கீழே வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல், அதற்குக் கீழே நாங்கள் குடிக்கிற கிணற்றுநீர். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்டதை மறந்திருக்க மாட்டோம். ஐதான அமிலத்தால் (0.1 மோலர் நைத்திரிக் போதும்) உலோகத்தைக் கழற்றி எடுத்து உமியை மீண்டும் சில தடவை பாவிக்கலாம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வலு குறையும். கழற்றிய சிறிதளவு நீரைச் சுண்ணாம்பால் வீழ்த்தி, சேற்றை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போட்டு, என்ன உலோகம், எந்தத் திகதி என்று எழுதி ஒட்டி வையுங்கள். அந்த வாளியை யாரிடம் ஒப்படைப்பது என்பதை, முதல் பிடி உமியைத் தண்ணீரில் போடுவதற்கு முன்பே மத்திய சுற்றாடல் அதிகார சபையில் கேட்டுவிடுங்கள்.