பேட் மாத்துனா பிரேக் வேலை முடிஞ்சிருச்சா? மலை வண்டில நடக்கற தப்புங்க

குன்னூர்ல ஏத்தத்துல ஒரு சின்ன ஷெட்டு நம்மளுது, ரெண்டு வண்டி நிக்கும், மூணாவது வந்தா ரோட்டோரம் சக்கரத்துக்கு கல்லு வச்சுத்தான் நிறுத்தணும். ஏப்ரல் மே சீசன்ல வர்றவங்க சொல்றது ஒரே டயலாக், "அண்ணா பேட் போச்சு, மாத்தி விடுங்க, சாயந்திரத்துக்குள்ள கீழ இறங்கணும்". பேட்ங்கறது சக்கரத்தோட சுத்தற இரும்புத் தட்டை (டிஸ்க்கு) இறுக்கிப் புடிச்சு வண்டிய நிறுத்தற கட்டை, அதை மாத்தறது பெரிய வேலையே இல்லைங்க. ஆனா அது ஏன் போச்சுன்னு பாக்காம புதுசை மாட்டி அனுப்பறதுதான் முதல் தப்பு, மெக்கானிக் தப்புலயும் சேத்தி, வண்டிக்காரர் தப்புலயும் சேத்தி.

வண்டிய ஜாக்கி போடறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும். பிரேக் மிதிச்சா இடது பக்கம் இழுக்குதுன்னா வலது பக்கம் சரியா புடிக்கலைன்னு சந்தேகப்படணும். மிதிக்கறப்ப பெடலும் ஸ்டேரிங்கும் அதிருதுன்னா டிஸ்க்கு தேய்மானம் ஒரே சீரா இல்ல. இதெல்லாம் கழட்டுனதுக்கப்புறம் தெரியாது.

அடுத்தது, நிறைய பேரு கோட்டை விடற இடம். இறக்கத்துல பிரேக் புடிக்கலைன்னு ஒருத்தர் சொன்னா, பெடல் எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு ஆனா வண்டி நிக்கலைன்னா பேட் சூடேறி பிடிப்பு போயிருச்சு. பெடல் புஸ்ஸுன்னு அடி வரைக்கும் போச்சுன்னா பிரேக் ஆயில் கொதிச்சிருக்கு, லைனுக்குள்ள ஆவி நின்னா நீங்க மிதிக்கற மிதி ஆவியை அமுக்கத்தான் சரியா இருக்கும். ரெண்டும் வேற வேற வியாதி. ரெண்டாவது கேஸ்ல இன்னொரு வம்பு என்னன்னா, வண்டிய டோ பண்ணி ஷெட்டுக்கு கொண்டு வர்றதுக்குள்ள ஆறிப்போயி பெடல் ஜம்முன்னு இருக்கும், மெக்கானிக்கும் மிதிச்சுப் பாத்துட்டு "நல்லாத்தானே இருக்கு"ன்னு ஒரு பேட் செட்டை மட்டும் மாத்தி விட்டுருவாரு, மறுபடியும் அதே ஆயிலோட மேட்டுப்பாளையம் ரோட்டுல 14 கொண்டை ஊசி வளைவு இறங்கணும்.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கற சாமான். டாட் 3, டாட் 4னு ரகம் இருக்கு. டாட் 3 புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிருச்சுன்னா அந்தக் கணக்கு 140க்கு வந்துரும். டாட் 4க்கு 230, ஈரம் ஏறுனா 155. இங்க பனியும் மழையும் மாறி மாறி வர்ற ஊரு, பாதி பாட்டிலை மூடி போட்டு ரேக்குல வச்சிருந்து ஆறு மாசம் கழிச்சு அடுத்த வண்டிக்கு ஊத்தறது சுத்தமா கூடாது. பொதுவா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா முழுசா மாத்திடறது நல்லது. ஆயில் கம்மியா இருக்குன்னு மேல மேல ஊத்திட்டே இருக்கறதும் தப்பு. பேட் தேயத் தேய லெவல் தானா இறங்கும், அதைப் பாத்துட்டு யாரோ ஃபுல் பண்ணியிருப்பாங்க, நாம புது பேட் போட, பேடைத் தள்ற பிஸ்டனை உள்ள தள்ளுனா டப்பா நிரம்பி வெளிய வழிஞ்சு பெயிண்ட்டை அரிச்சுரும். இஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டேரிங் ஆயிலையோ அவசரத்துக்கு ஊத்துன வண்டியும் பாத்திருக்கேன், ரப்பர் அத்தனையும் ஊதிப்போயி அந்தப் பில்லுல ஒரு பழைய டூவீலர் வாங்கியிருக்கலாம்.

கழட்டுனதும் பழைய பேடு ரெண்டையும் பாக்கணும். உள்பக்கம் இரும்பு வரைக்கும் தேஞ்சு, வெளிப்பக்கம் பாதி இருந்துச்சுன்னா காலிப்பரோட (பேடைப் புடிச்சிருக்கற கவ்வி) ஸ்லைடு பின் துருப்புடிச்சு இறுகியிருக்கலாம், நம்ம ஊரு ஈரத்துக்கு இது சர்வ சாதாரணம். பின்னை கழட்டி சுத்தம் பண்ணி பிரேக்குக்குன்னு வர்ற சிலிக்கான் கிரீஸ் வைக்கணும். பேரிங் கிரீஸை அப்புனா ரப்பர் ஊதி மறுபடியும் இறுகிக்கும். டிஸ்க்கை கண்ணால பாத்து "ஓகே"ன்னு சொல்லக் கூடாது, மினிமம் எத்தனை மில்லிமீட்டர்னு பெரும்பாலும் டிஸ்க்குலயே பொறிச்சிருப்பாங்க, அளந்து பாருங்க. நீலம் பாஞ்சிருந்தா நல்லா சூடு வாங்கியிருக்குன்னு அர்த்தம், வெடிப்பு தெரிஞ்சா யோசிக்கவே வேண்டாம், ஜோடியா மாத்துங்க.

கை வேலைல நடக்கற தப்பு நிறைய. காலிப்பரை ஆயில் போற ஹோஸ்லயே தொங்க விடறது (ஒரு கம்பி போட்டு கட்ட எவ்ளோ நேரம் ஆகும்?), கிரீஸ் கையோட பேடைத் தொடறது, ஒரு பக்கம் மட்டும் மாத்தறது, ஸ்டாண்டு வைக்காம ஜாக்கிய மட்டும் நம்பி சரிவுல வேலை பாக்கறது. சில வண்டில பின்னாடி டிஸ்க்குல பிஸ்டனை திருகித்தான் உள்ள அனுப்பணும், ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்புனா காலிப்பரே போயிரும்.

நான் பண்ணுனதையும் சொல்லிடறேன். வேலை பழகுன காலத்துல, பேட் போட்டு வீல் மாட்டிட்டு பெடலை பம்ப் பண்ணாம ஹேண்ட்பிரேக்கை எடுத்துட்டேன். பிஸ்டன் உள்ள கிடக்குது, முதல் மிதி சும்மா அடில போச்சு, ரெண்டாவது மிதி மிதிக்கறதுக்குள்ள வண்டி சரிவுல உருண்டு கீழ தேயிலைச் செடில போயி நின்னுச்சு. பம்பர் மட்டும் தான், நல்ல நேரம். இன்னைக்கும் பசங்ககிட்ட பெடல் கெட்டியாகற வரைக்கும் இஞ்சினையே ஸ்டார்ட் பண்ணாதீங்கடான்னு கத்திட்டு தான் இருக்கேன்.

வண்டிக்காரங்க பக்கமும் உண்டு. மேட்டுப்பாளையம் இறக்கத்துல பர்லியாறு கிட்ட புகையுற சக்கரத்துல தண்ணி பாட்டிலை கவுக்கறாங்க பாருங்க, கொதிக்கற டிஸ்க்கு திடீர்னு குளிர்ந்தா வளையும், வெடிக்கவும் செய்யும். ஓரமா நிறுத்தி, கியர்ல போட்டு, கல்லு வச்சு, தானா ஆற விடுங்க, டீ குடிங்க. ஆட்டோமேட்டிக் வண்டிய "D" கியர்லயே போட்டு பிரேக்க மிதிச்சுட்டே ஊட்டில இருந்து மசினகுடி போற கல்லட்டி ரோட்டுல 36 வளைவும் இறங்குனா எந்தப் பேடும் தாங்காது, லோ கியர்ல இஞ்சின் பிடிச்சு இறங்கணும்.

புது பேட் போட்ட உடனே இறக்கத்துக்கு விடாதீங்க. கொஞ்சம் சமமான ரோட்டுல மிதமா பத்து தடவை வேகத்தைக் குறைச்சு, நடுவுல ஆற விட்டு, பேடும் டிஸ்க்கும் பழகட்டும். வீல் நட்டை மேனுவல்ல இருக்கற டார்க்குக்கு (முறுக்கற இறுக்கத்தோட அளவு) எதிரெதிரா முறுக்கி, கொஞ்ச தூரம் ஓடுனதுக்கப்புறம் இன்னொரு தடவை பாக்கணும்.

அப்புறம் பில் குடுக்கறப்ப பழைய பேடு நாலையும் கையில வாங்கிப் பாருங்க. எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்னு கேளுங்க, தேய்மானம் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா இருந்தா ஏன்னும் கேளுங்க. வேலை பாத்த ஆளுக்கு பதில் தெரிஞ்சிருக்கணும்.