கதையின் கருவைப் பிடிக்க ஒரு பென்சில் போதும்

சிறுகதையை முதல் தடவை கோடு போடாமல் படியுங்கள். இரண்டாம் தடவை, பாத்திரம் பேசியதற்கு நேர்கோடு, செய்ததற்கு வளைகோடு. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் ஆள் யாரென்று தெரியும்.

புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராமனின் காலடித் தூசி பட்டு உயிர்பெற்ற அகலிகை, அவன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். முதலில் கல்லானது கோதமன் சாபத்தால்; இரண்டாவது தடவை சாபமிட ஆளே இல்லை. இதைக் கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கரு என்ன என்றால் பலரும் "கற்பு" என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பேசுபொருள்தான். வினைச்சொல்லோடு முழு வாக்கியமாக எழுதுங்கள்: "தன்னை மன்னித்தவனே இன்னொருத்தியைச் சோதிக்கும்போது அந்த மன்னிப்பு செல்லாக்காசாகிறது." கதையில் இரண்டு இடமாவது இதைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் வாக்கியத்தை மாற்றுங்கள், கதையை வளைக்காதீர்கள்.

பிறகு, எந்த வரியில் கோபம் வந்தது, யார் பக்கம் சாய்ந்தீர்கள் என்று தேதி போட்டு ஐந்து வரி, தனித் தாளில். கதைக் குறிப்போடு கலந்தால் அகலிகை இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். சில வருடம் கழித்து அதே கதைக்கு மறுபடி எழுதி, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.