தடுப்பூசி வதந்திக்கு வீடியோவில் பதில் சொல்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தடுப்பூசி பற்றி ஏதாவது ஒரு வதந்தி வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால், அதற்குப் பதில் சொல்லி வீடியோ போடும் மருத்துவர்களும் செவிலியர்களும் அறிவியல் ஆர்வலர்களும் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவசியமான வேலை இது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் மனித குல ஆரோக்கியத்துக்கான பத்து அச்சுறுத்தல்களைப் பட்டியலிட்டபோது, தடுப்பூசித் தயக்கத்தையும் அதில் சேர்த்தது. ஆனால் நல்லெண்ணத்தோடு எடுக்கப்படும் வீடியோக்கள் பலவும், போய்ச் சேர வேண்டியவரிடம் போய்ச் சேருவதில்லை. சில வீடியோக்கள் வதந்திக்கே துணைபோய்விடுகின்றன.

அந்த 'போய்ச் சேர வேண்டியவர்' யார்? தடுப்பூசியை அடியோடு எதிர்ப்பவர்கள் சிலர்தான். ஒரு நிமிட ரீல் அவர்களை மாற்றப்போவதில்லை. நம் பக்கம் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு வீடியோ தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. குழந்தைக்கு அடுத்த ஊசி போடும் நாள் நெருங்குகிறது, சொந்தக்காரர் அனுப்பிய ஒரு ஃபார்வர்டு மனதை உறுத்துகிறது, எல்லோரும் தூங்கியபிறகு போனை எடுத்துத் தேடிப் பார்க்கிற அம்மா அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவர் லைக் போடமாட்டார், கமெண்டும் எழுதமாட்டார். பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வருவார், அவ்வளவுதான். அவரை மறந்துவிடுவதில் இருந்துதான் கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே தொடங்குகின்றன.

வதந்தியைக் காட்டி வீடியோவை ஆரம்பிப்பது

அதிகம் நடக்கும் தவறு இதுதான். வதந்தி கிளிப்பை முழுத்திரையில் ஓடவிட்டு, பத்து விநாடி கழித்து 'இது உண்மையா? வாங்க பார்க்கலாம்' என்று தோன்றுவார்கள். பாதிப் பேர் அதற்குள் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் பார்த்தது வதந்தியை மட்டும்தான், அதுவும் ஒரு மருத்துவரின் பக்கத்தில். வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயில் இன்னும் மோசம். 'தடுப்பூசியால் ஆட்டிசம் வருமா?' என்று கொட்டை எழுத்தில் போட்டால், வீடியோவைத் திறக்காமலே கடந்து போகிறவர் மனதில் தடுப்பூசியும் ஆட்டிசமும் சேர்ந்து பதிந்துவிடும். ஒரு பொய்யான வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மைபோலத் தோன்ற ஆரம்பிக்கிறது என்பதை உளவியலாளர்கள் 1977-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

வரிசையை மாற்றினால் போதும். முதல் வாக்கியத்திலேயே உண்மை வரட்டும்: 'எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான) தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது.' அப்புறம், இப்போது ஒரு தவறான தகவலைச் சொல்லப்போகிறேன் என்று எச்சரித்துவிட்டு, வதந்தியை ஒரே ஒரு முறை சொல்லலாம். அது எங்கிருந்து வந்தது என்பதையும் விளக்க வேண்டும். 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சிலரும் வெறும் 12 குழந்தைகளை வைத்து 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2010-ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து வேக்ஃபீல்டின் பெயர் நீக்கப்பட்டது. இத்தோடு நிறுத்திவிடக் கூடாது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்கும் வயதும் அந்த ஊசி போடும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால்தான் இரண்டுக்கும் முடிச்சுப் போடத் தோன்றுகிறது. இதையும் சொன்னால்தான் 'என் கண்ணால் பார்த்தேனே' என்கிறவருக்குப் பதில் கிடைக்கும். கடைசியில் உண்மையை மறுபடி ஒரு முறை சொல்லி முடிக்கலாம்.

வதந்தியைச் சொல்லவே கூடாது என்று பயப்படவும் வேண்டாம். மறுப்புச் சொன்னால் வதந்தி மீதான நம்பிக்கை இன்னும் கெட்டிப்படும் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். அது அபூர்வமாகத்தான் நடக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. எத்தனை முறை சொல்கிறோம், எந்த இடத்தில் சொல்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

பயமுறுத்துவது

தட்டம்மையால் உடம்பெல்லாம் சிவந்து தடித்த குழந்தையின் படம், பின்னணியில் சோக இசை. இதைப் பார்த்தால் யாரும் மனம் மாறிவிடுவார்கள் என்று தோன்றும். அமெரிக்காவில் 1,759 பெற்றோரிடம் நடத்தி 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயுற்ற குழந்தைகளின் படங்களைப் பார்த்தவர்களிடம் தடுப்பூசி–ஆட்டிசம் தொடர்பு பற்றிய நம்பிக்கை கூடியிருந்தது. சாவின் விளிம்புக்குப் போய்வந்த ஒரு குழந்தையின் கதையைப் படித்தவர்களிடம், தடுப்பூசிக்குக் கடுமையான பக்கவிளைவு உண்டு என்ற எண்ணம் அதிகமாகியிருந்தது. பயம் வந்துவிட்டால் அது நாம் காட்டும் திசையில்தான் போகும் என்று இல்லை.

அதற்காகக் கதையே சொல்லக் கூடாது என்று அர்த்தமில்லை. அயர்லாந்தில், கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றிக் கிளம்பிய அச்சத்தால், போட்டுக்கொள்ளும் மாணவிகளின் விகிதம் சுமார் 50 சதவீதத்துக்குச் சரிந்தது. அந்தப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்த லாரா ப்ரென்னன் என்ற இளம்பெண், 2017-ல் தானாகவே அந்நாட்டுச் சுகாதாரச் சேவையைத் தொடர்புகொண்டு, தன் கதையைத் தடுப்பூசிப் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். வீடியோக்களில் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசினார், பெற்றோர்களிடம் விவரத்தைச் சரியான இடத்தில் தேடிப் பார்க்கச் சொன்னார். 2019 மார்ச்சில் 26 வயதில் அவர் இறந்தார். அந்தக் காலகட்டத்தில் விகிதம் 70 சதவீதம் வரை ஏறியிருந்தது. அவர் ஒருவரால் மட்டுமே அது ஏறியது என்று சொல்லமுடியாது. ஆனால் அந்த வீடியோக்களைப் பார்த்தவர்கள் அவரை மறந்திருக்கமாட்டார்கள். சம்மதத்தோடு, தன் குரலில், தன் காரணத்தைச் சொல்லும் மனிதர் அவர். யாரோ ஒரு குழந்தையின் படத்தை எடுத்துப் போடுவதை இதோடு சேர்த்துப் பேசவே முடியாது.

'நூறு சதவீதம் பாதுகாப்பானது' என்று சொல்வது

தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். எந்த மருந்துக்கும் இது பொருந்தாது. பார்க்கிறவருக்கும் அது தெரியும். 1999-ல் அமெரிக்காவில், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டாவைரஸுக்கான ஒரு தடுப்பு மருந்து, குழந்தைகளுக்கு அரிதாகக் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்வது) ஏற்படுத்தியதால் நிறுத்தப்பட்டது. 2021 ஏப்ரலில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கொரோனா தடுப்பூசியை 68 லட்சம் பேருக்கும் மேல் போட்டிருந்தார்கள். அதில் 6 பேருக்கு அரிய வகை ரத்தக்கட்டு வந்ததும், அங்கே அதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து ஆராய்ந்தார்கள். இவற்றை மறைக்க வேண்டியதில்லை. லட்சக்கணக்கானவர்களில் ஆறு பேருக்கு வந்ததைக்கூடக் கண்டுபிடிக்கிற கண்காணிப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எது?

சாதாரண விளைவுகளையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட இடத்தில் வலி, ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வரலாம். எம்.எம்.ஆர். ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய 3,000 முதல் 4,000 டோஸ்களுக்கு ஒன்று என்ற கணக்கில் காய்ச்சல் வலிப்பு வருவதுண்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும் பொதுவாக அது நிரந்தரப் பாதிப்பை விட்டுப்போவதில்லை. இதை உங்களிடமிருந்து முதலிலேயே தெரிந்துகொண்ட பெற்றோர், காய்ச்சல் வந்தால் மருத்துவரைக் கூப்பிடுவார். தெரியாமல் இருந்தவர், 'இதை ஏன் மறைத்தார்கள்?' என்று கேட்பார்.

எண்ணை அப்படியே வீசிவிட்டுப் போவது

'நோய் வந்தவர்களில் மூன்றில் ஒருவர் தடுப்பூசி போட்டவராம், அப்புறம் எதற்கு ஊசி?' என்பது அடிக்கடி வரும் வாதம். இதற்கு 'செயல்திறன் 97 சதவீதம்' என்று மட்டும் பதில் சொன்னால் யாருக்கும் புரியாது. திரையில் 1,000 புள்ளிகளைக் காட்டுங்கள். 950 பேர் தட்டம்மைக்கு இரண்டு டோஸ் போட்டவர்கள், 50 பேர் போடாதவர்கள். எல்லோரும் நோயாளியின் அருகில் இருக்க நேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். போடாத 50 பேரில் 45 பேருக்கு நோய் வரும். போட்ட 950 பேரில், ஊசி அந்த ஆபத்தை 97 சதவீதம் குறைப்பதால், சுமார் 26 பேருக்கு வரும். நோய் வந்த 71 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊசி போட்டவர்கள்தான், சரி. ஆனால் ஒரு பக்கம் 50-ல் 45, மறுபக்கம் 950-ல் 26. இதைக் கண்ணால் பார்த்தவர் அந்த வாதத்தை அடுத்த முறை கேட்கும்போது தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

கேலி செய்வது பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 'இதைக்கூட நம்புவீர்களா' என்று சிரிக்கும் வீடியோவுக்குக் கைத்தட்டல் நிறையக் கிடைக்கும். அந்த ஃபார்வர்டைப் பார்த்துப் பயந்துபோனவர், சிரிப்பது தன்னைப் பார்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

வீடியோவைப் போட்டுவிட்டுக் கமெண்ட்டைக் கவனிக்காமல் விடுவதும் இதே வகைதான். டென்மார்க்கில் 2015-ல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்துக்குப் பிறகு எச்.பி.வி. தடுப்பூசி போடுவது வெகுவாகக் குறைந்தது. 2017-ல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை, புற்றுநோய்ச் சங்கம், மருத்துவர் சங்கம் மூன்றும் சேர்ந்து ஃபேஸ்புக்கில், முக்கியமாகத் தாய்மார்களை மனதில் வைத்து, இயக்கம் ஒன்றை நடத்தின. தாய்மார்களின் கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொன்னார்கள். விகிதம் மீண்டும் ஏறியது. 'என் பெண்ணுக்குப் பின்னால் குழந்தை பிறக்காமல் போய்விடுமா?' என்று ஒருவர் கேட்டால், 'இல்லைங்க. உங்களுக்கு இந்தப் பயம் வந்தது புரிகிறது, எங்கே கேள்விப்பட்டீர்கள்?' என்று தொடங்குங்கள். கேள்வி கேட்டவரைவிட, எதுவும் கேட்காமல் அந்தப் பதிலைப் படிக்கிறவர்கள்தான் அதிகம். சண்டைக்கு வருகிறவருக்கு ஒரு முறை மரியாதையாகப் பதில் சொன்னால் போதும்.

ஒவ்வொரு வதந்தியையும் துரத்திக்கொண்டு ஓடுவதும் வீண். நாலு பேர் மட்டும் கேள்விப்பட்ட ஒன்றுக்கு நீங்கள் வீடியோ போட்டால், அதை நாலாயிரம் பேருக்குக் கொண்டுபோவது நீங்கள்தான். அதைவிட வதந்திகள் செய்யும் தந்திரத்தைக் காட்டிக்கொடுப்பது மேல்: போலி நிபுணர், சாதகமான ஆய்வை மட்டும் பொறுக்கி எடுப்பது, உணர்ச்சியைத் தூண்டும் வார்த்தை. இப்படிப்பட்ட தந்திரங்களை விளக்கும் சுமார் 90 விநாடி வீடியோக்களை யூடியூபில் விளம்பரமாக ஓட்டிச் சோதித்த ஆய்வு 2022-ல் வெளியானது. பார்த்தவர்கள் தந்திரத்தை அடையாளம் காணும் திறன் சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது. சின்ன எண்தான்; ஆனால் லட்சக்கணக்கானவர்கள் பார்க்கும் இடத்தில் அது நிறையப் பேர்.

பலருக்குத் தடையாக இருப்பது தடுப்பூசி மீதான சந்தேகம் அல்ல. எங்கே போடுகிறார்கள், எந்த நேரத்தில், வேலைக்கு லீவு போட வேண்டுமா, தவறிய டோஸை இப்போது போடலாமா என்பது தெரியாமல்தான் தள்ளிப்போடுகிறார்கள். வீடியோவில் கடைசிப் பத்து விநாடியை இதற்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்று, தேதி. தடுப்பூசிப் பரிந்துரைகள் மாறும், வீடியோ அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். திரையின் ஓரத்தில் மாதமும் ஆண்டும் இருக்கட்டும். பரிந்துரை மாறியதும் பழைய வீடியோவில் முதல் கமெண்ட்டாக அதைப் பின் செய்து வையுங்கள். வீடியோவின் முக்கியச் செய்தியே மாறிவிட்டதென்றால், எத்தனை லட்சம் பேர் பார்த்திருந்தாலும் நீக்கிவிட்டுப் புதிதாக எடுங்கள்.