கையால் வனைந்த ஆபிரிக்கப் பானை: பார்ப்பதும் பராமரிப்பதும்

கேகாலைப் பக்கம் மொலகொடவில் வீதியோரச் சட்டிகளைத் தட்டித் திருப்பி வாங்கிப் பழகியவர்களுக்கு ஆபிரிக்கப் பானை முதலில் கோணலாகத்தான் தெரியும். நம் சட்டி சக்கரத்தில் எழும்பியது. சகாராவுக்குத் தெற்கே மரபுப் பானைகளில் பெரும்பாலானவை சக்கரமே இல்லாமல், அநேகமாகப் பெண்கள் கையால் வனைபவை. ஆகவே வட்டம் பிசகியதைக் குறையாக எண்ண வேண்டாம். கையும் தீயும் விட்ட தடங்களைத் தேடுங்கள்.

பெருவிரல் வெளியேயும் மற்ற விரல்கள் உள்ளேயுமாக வாயைப் பிடித்து ஒரு சுற்று வாருங்கள். பிறகு உள்ளே எட்டும் வரை கையை இறக்குங்கள். மண்திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்திச் சுரண்டிய இடங்கள் மெல்லிய மேடுபள்ளமாகத் தட்டுப்படும். சுவரின் கனம் படிப்படியாக மாறினால் தேர்ந்த கை. திடீரென ஓரிடம் தடித்திருந்தால் அந்த இடத்தைக் கவனியுங்கள்: தடித்த பக்கம் மெதுவாக உலரும், மெல்லிய பக்கம் முந்திச் சுருங்கும், இரண்டும் சந்திக்கும் கோட்டில் விரிசல் விழும். நைஜீரியக் குயவர் லாடி க்வாலி, பானையைச் சுழற்றாமல், அதைத் தானே சுற்றி நடந்து வனைந்தவர். அந்நாட்டு 20 நைரா தாளில் அவர் உருவம் இருக்கிறது.

அடுத்தது தீ. சூளை கட்டாமல், விறகும் காய்ந்த புல்லும் சாணமும் மூடிச் சுடுவார்கள். வெப்பம் ஏறத்தாழ 600 முதல் 900 பாகை செல்சியஸ். காற்றுப் பட்ட இடம் சிவக்கும், படாத இடத்தில் கறுப்பு மேகம் போலப் படரும். அது அழுக்கல்ல, தேங்காய்ப் பொச்சால் தேய்த்துவிடாதீர்கள். தென்னாபிரிக்காவின் சூலு மக்களின் பியர்ப் பானையான 'உகாம்பா' முழுக்கக் கறுப்பு. புகைமூட்டத்தில் இரண்டாம் முறை சுட்டு, கொழுப்புப் பூசி மினுக்குவார்கள். வரிசையாகப் புடைத்த மொட்டுகளுக்கு 'அமசும்பா' என்று பெயர். இப்போது கொழுப்புக்குப் பதில் சப்பாத்துப் பொலிஷ் பூசுவதும் உண்டு. வெள்ளைத் துணியால் ஒதுக்குப்புறமாகத் துடைத்து, மணத்தையும் பாருங்கள். பொலிஷ் என்று தெரிந்தால் அதில் குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

விரல் மூட்டால் தட்டினால் நம் சட்டியைப்போல 'டங்' என்று கேட்காது. குறைந்த சூட்டில் வெந்த மண்ணின் ஓசை மந்தமானதுதான். 'கிர்' என்று அதிர்ந்தால் விரிசல். இருட்டில் உள்ளே டோர்ச் அடித்தால் சுவரை ஊடுருவிப் போன விரிசல் வெளிச்சக் கோடாகத் தெரியும்.

அடி உருண்டை. மூன்று கல் அடுப்புக்கும் மண்தரைக்கும் அதுதான் தோது. மேசையில் வைப்பதானால் வைக்கோல் புரிமணையோ பழஞ்சேலையில் சுற்றிய சும்மாடோ போதும்.

நுவரெலியா, ஹற்றன் பக்கத்துப் பனிமூட்டத்தில் இந்த மண் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுவரோடு ஒட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு விரல் இடைவெளி விட்டு, வாயைத் திறந்தே வையுங்கள். சவர்க்காரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், அதனால் உலர்ந்த தூரிகையே போதும். ஈரம் ஏறிய பானையை அடுப்பருகே காயவைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் செதில் செதிலாகத் தெறிக்கக்கூடும். காற்றோட்டமான நிழலில் நாலைந்து நாள் விடுங்கள். மழைக்காலமானால் இன்னும் கூட.