இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

தொலைதூர விமானப் பயணத்தின் நீளத்தை அறிய, சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அடிக்கோலை வைத்து அளந்தால் விடை பெரும்பாலும் தவறாகவே வரும். உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும்போது துருவங்களை ஒட்டிய பகுதிகள் பெரிதாகிவிடுவதே இதற்குக் காரணம். பூமியின் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வில்லாகும். அந்த வில்லின் நீளமே நமக்குத் தேவை.

முதலில் இரு நிலையங்களின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தசமப் பாகைகளில் குறித்துக்கொண்டு, தெற்கையும் மேற்கையும் எதிர்க்குறியுடன் எழுத வேண்டும். இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கி, அதனுடன் அவற்றின் கொசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் பெருக்கி வரும் தொகையைக் கூட்டினால் கிடைப்பது, இடைப்பட்ட கோணத்தின் கொசைன். அதிலிருந்து கோணத்தைக் கண்டு 111.2 ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் வந்துவிடும். கணிப்பான் ரேடியனில் அல்லாமல் பாகையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பொருந்தாத விடைகளுக்குப் பெரும்பாலும் அதுவே மூலம்.

சிங்கப்பூரின் சாங்கி (1.36, 103.99), நியூயார்க்கின் ஜான் எஃப் கென்னடி (40.64, -73.78) நிலையங்களை எடுத்துக்கொள்வோம். தீர்க்கரேகை வேறுபாடு 177.77 பாகை, கூட்டுத்தொகை சுமார் -0.7426, கோணம் ஏறத்தாழ 137.95 பாகை, ஆகவே தொலைவு சுமார் 15,340 கிலோமீட்டர். பூமி முழு உருண்டையாக இல்லாததால் அரை சதவீதம் வரை பிழை நேரலாம் என்றாலும், நேரக் கணக்கில் அது சில நிமிடங்களுக்கு மேல் போகாது.

நேரத்துக்கு, தொலைவை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, தரையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி நேரம் சேர்ப்பது எளிய வழி. மேற்கண்ட பயணத்துக்கு அது பதினேழரை மணி நேரம் என்று காட்டும்; ஆனால் உண்மையான பயணம் 18 மணி நேரத்தைத் தாண்டும். இந்தப் பெருவட்டம் வட துருவத்துக்கு மிக அருகில் செல்வதும், விமானங்கள் அதை அப்படியே பின்பற்றாமல் காற்றையும் வான்வெளி அனுமதியையும் பார்த்துச் சுற்றிச் செல்வதும் இதற்குக் காரணங்கள். 2022 இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரம் அளவில் இருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமானது. நிலையங்களுக்கு இடையிலான தொலைவோ இம்மியும் மாறவில்லை.

காற்றும் திசையைப் பொறுத்தது. நடு அட்சரேகைகளின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தால், லண்டனிலிருந்து நியூயார்க் செல்ல எட்டு மணி நேரம் அளவில் ஆகும்போது, திரும்பி வர ஏழு மணி நேரம் போதும். எனவே போகும் நேரத்தை வைத்துத் திரும்பும் நேரத்தை முடிவு செய்யக் கூடாது.

பயணச்சீட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த இடத்து நேரப்படியே அச்சிடப்படுவதால், இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பின்பே கழிக்க வேண்டும். டோக்கியோவில் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்குப் புறப்படுவது பொது நேரத்தில் காலை 8 மணி. பத்து மணி நேரம் பறந்தால் மாலை 6. லாஸ் ஏஞ்சல்ஸ் எட்டு மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அங்கே அதே தேதியில் காலை 10 மணி. புறப்படும் முன்பே சேர்ந்துவிட்டதாகத் தோன்றும் இந்த விந்தை, இடையில் தேதிக்கோட்டைக் கடப்பதால் வருவது.