புது பெயிண்ட் அடிச்ச பழைய கப்பல்ல க்ரூஸ் போறீங்களா, நாங்க பண்ண தப்புங்கள நீங்க பண்ணாதீங்க

ஏற்காட்டுல அந்த காலத்து பங்களாவ ரெடி பண்ணி ரூம் விடுவாங்கல்ல, போட்டோல பாத்தா புது டைல்ஸ், புது கட்டில், வெள்ளவெளேர்னு பெட்ஷீட், நேர்ல போயி பைப்ப தொறந்தா மொதல்ல ரெண்டு நிமிசம் டீ கலர்ல தண்ணி வரும். கப்பல்லயும் அதே கததான்னு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா எங்க குடும்பத்துல பாதி சண்ட வந்திருக்காது.

திருச்சில இருந்து சிங்கப்பூர் பிளைட்டு, அங்க இருந்து நாலு நாள் கப்பல். நான், வீட்டுக்காரம்மா, பொண்ணு, எங்கம்மா, மச்சான் குடும்பம்னு மொத்தம் எட்டு பேரு. கப்பல் முப்பது வருசத்துக்கு மேல ஓடுனது, இப்பதான் டிரை டாக்ல (தண்ணிய வெளியேத்திட்டு கப்பல ரிப்பேர் பண்ற எடம்) ஏத்தி புதுசு மாதிரி பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்க, அந்த "புதுசு"ங்கற வார்த்தையிலதான் விழுந்தோம்.

மொத தப்பே அதுதான். இந்த மாதிரி பழைய பயணிகள் கப்பல்னா பொதுவா 5 வருசத்துல குறைஞ்சது 2 தடவையாச்சும் டிரை டாக்ல ஏத்தி அடிப்பாகத்த செக் பண்ணியே ஆகணும், சட்டம் அப்படி. எப்படியும் தண்ணிய விட்டு வெளிய நிக்குதுல்ல, அந்த சாக்குல கார்பெட், மெத்த, திரை, பார் கவுன்டர், டிவி எல்லாத்தையும் மாத்திருவாங்க. மாத்த முடியாதது என்னன்னா ரூம் சைசு, சீலிங் உயரம், எத்தன லிப்ட்டு, செவுத்துக்குள்ள ஓடுற பைப்பு. பால்கனியும் அப்படித்தான், 80கள்ல கட்டுன கப்பல்ல பால்கனி ரூம் ரொம்ப கம்மி, வரிசையா பால்கனி வைக்கறதெல்லாம் 90களுக்கு அப்புறம் பெருசா வந்த பழக்கம். எங்க ரூம்ல எல்லாம் பளபளன்னு இருந்துச்சு, ஆனா பாத்ரூம் கதவு கீல உத்துப் பாத்தா பெயிண்ட் மேல பெயிண்ட்டா அடிச்சு கீலே பிஸ்கட் மாதிரி உப்பிக்கிடந்துச்சு. ஷவருக்கு கண்ணாடி கதவு கெடையாது, துணி திரைதான், தண்ணிய தொறந்தா வந்து முதுகுல ஒட்டிக்கும். பாத்ரூம் வாசப்படி வேற முழங்கால் உயரத்துக்கு இல்லன்னாலும் நல்லாவே தூக்கலா இருக்கும், எங்கம்மா மொத நாளே கால் வெரல இடிச்சுக்கிட்டாங்க. வயசானவங்கள கூட்டிட்டு போறவங்க இத மட்டுமாச்சும் மனசுல வச்சுக்கங்க.

யூடியூப்ல இப்ப வர்ற பெரிய கப்பல பாத்துட்டு இதுல ஏறாதீங்க. 1988ல சாவரின் ஆப் தி சீஸ்ங்கற க்ரூஸ் கப்பல் வந்தப்ப 73,000 டன்னுன்னு ஊரே வாயப் பொளந்துச்சு, 2024ல வந்த ஐகான் ஆப் தி சீஸ் கிட்டத்தட்ட 2,48,000 டன். (இந்த டன்னு எடை இல்லைங்க, கப்பலுக்குள்ள இருக்கற எடத்தோட கொள்ளளவு, எனக்கே லேட்டாதான் தெரிஞ்சுச்சு.) எங்க பொண்ணு வாட்டர் ஸ்லைடு எங்கன்னு கேட்டு கேட்டு மொத நாள் பூரா மூஞ்சிய தூக்கி வச்சிருந்தா.

அடுத்து ரூம் எடம். இதுல யாரும் காசு மட்டும் பாக்காதீங்க. ஆசிபாட்னு ஒன்னு இருக்கு, மோட்டாரும் ப்ரொபெல்லரும் சேந்து கப்பலுக்கு வெளிய தொங்கும், க்ரூஸ் கப்பல்ல அது மொத மொத வந்தது 1998ல, எலேஷன்ங்கற கப்பல்ல. அதுக்கு முந்துனதுல இன்ஜின்ல இருந்து பின்னாடி வரைக்கும் நீட்டு இரும்பு ஷாப்ட்டு ஓடும், அதனால கீழ் தளத்துல பின்பக்கம் ரூம் எடுத்தா அதிர்வு இருக்கத்தான் செய்யும். மச்சான் ரூம் அங்கதான், ராத்திரி பூரா டேபிள் மேல கண்ணாடி டம்ளர் ரெண்டும் ஒன்னோட ஒன்னு உரசி கிண்கிண்னு சத்தம், கடைசில நடுவுல துண்ட திணிச்சுட்டு தூங்குனாரு. முன்பக்கம் கீழ எடுத்தவங்களுக்கு வேற பிரச்சன, விடியகாலைல துறைமுகத்துல ஒதுங்கறப்ப த்ரஸ்டர் (கப்பல பக்கவாட்டுல தள்ளுற ப்ரொபெல்லர்) போடுவாங்க, லாரி கல்லு கொட்டுன மாதிரி இருக்கும். நடுவுல, கொஞ்சம் கீழ இருக்கற ரூம்தான் ஆட்டமும் கம்மி சத்தமும் கம்மி. கப்பலுக்கு ரெக்கை மாதிரி ஸ்டெபிலைசர் இருக்கு, ஆட்டமே இருக்காதுன்னு சொல்லுவாங்க, அது பக்கவாட்டு ஆட்டத்த குறைக்கும், முன்னும் பின்னும் தூக்கி எறக்கறத அது ஒன்னும் பண்ணாது. ஏற்காடு 20 கொண்டை ஊசி வளைவுல எலுமிச்சம்பழம் மோந்துகிட்டு வர்ற ஆளா இருந்தா டாக்டர்ட்ட கேட்டு மாத்திரை வாங்கிக்கங்க, வாந்தி வந்தப்புறம் போட்டு பிரயோஜனமில்ல.

சாமான் விசயம். எங்கம்மா எலக்ட்ரிக் கெட்டில், அயர்ன் பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதோட தட்டுவடை பாக்கெட்டு எட்டு. ஸ்கேன்ல மொத மூணையும் எடுத்துட்டு ஒரு டோக்கன் குடுத்துட்டாங்க, கெட்டில், அயர்ன் மாதிரி சூடாகற பொருளையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் விடமாட்டாங்க, கப்பல்ல நெருப்புன்னா அவ்ளோ பயம். தட்டுவடை தப்பிச்சுருச்சு. ஆனா கரையில எறங்கறப்ப சாப்பாட்டு ஐட்டம் கொண்டு போகாதீங்க, கஸ்டம்ஸ் தகராறு. பழைய ரூம்ல பிளக் பாயின்ட்டும் ஒன்னோ ரெண்டோதான், எங்க ரூம்ல ஒன்னு அமெரிக்கா டைப்பு, தட்ட முனை, 110 வோல்ட். அடாப்டர் மறக்காதீங்க. பாத்ரூம்ல ஹெல்த் பாசெட் இருக்காது, சின்ன மக்கு ஒன்னு பெட்டில போட்டுக்கங்க, கூச்சப்படாம சொல்றேன். டாய்லெட்டு வேக்குவம் டைப்பு, காத்தால உறிஞ்சி இழுக்கும், டயபர் கியபர் போட்டீங்கன்னா உங்க ரூம் மட்டுமில்ல பக்கத்து ரூம்ங்களும் சேந்து அடைச்சுக்கும்.

போன்ல ஏர்பிளேன் மோடு போட்டுருங்க. நடுக்கடல்ல கப்பலோட சொந்த நெட்வொர்க் தானா புடிச்சுக்கும், பில்லு வந்தப்புறம் அழுவீங்க. சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியான்னும் பாத்துக்கங்க, கப்பல் மலேசியா போயிட்டு திரும்பறப்ப மறுபடி உள்ள வரணுமில்ல.

ட்ரில்லுக்கு (ஆபத்துன்னா எங்க போகணும், என்ன பண்ணணும்னு காட்டற பயிற்சி) கூப்புட்டா டீ குடிச்சுகிட்டு உக்காந்திராதீங்க. மச்சான் அப்படித்தான் உக்காந்திருந்தாரு. 2012 ஜனவரில கோஸ்டா கான்கார்டியாங்கற க்ரூஸ் கப்பல் பாறையில மோதுனப்ப 32 பேர் செத்துப்போனாங்க, அன்னிக்கு ஏறுனவங்களுக்கு ட்ரில்லே அதுவரைக்கும் நடக்கல. அதுக்கப்புறம்தான் கெளம்பறதுக்கு முன்னாடியோ கெளம்புன ஒடனேயோ நடத்தியே ஆகணும்னு மாத்துனாங்க. ஏழு சின்ன ஊதல், ஒரு நீட்டு ஊதல், அதுதான் சிக்னல்.

இவ்ளோ கொறை சொன்னாலும் இன்னொரு தப்பு இருக்கு, பழைய கப்பல்னு முழுசா ஒதுக்கறது. எங்க கப்பல்ல வெளிப்பக்கமா சுத்தி வர மரப்பலக தளம் ஒன்னு இருந்துச்சு, காலைல அஞ்சரைக்கு எங்கம்மா அண்ணா பூங்காவுல நடக்கற மாதிரி அதுல ஆறு சுத்து போவாங்க, கூட்டமே இருக்காது. ரெண்டாவது நாளே வழி பூரா அத்துப்படி. டைனிங்ல நாகர்கோவில் பையன் ஒருத்தன் அம்மாவுக்கு தெனம் கேக்காமயே தயிர் கொண்டாந்து வச்சான்.

கடைசி ராத்திரி பெட்டிய ரூமுக்கு வெளிய வச்சுரணும், அவங்களே எடுத்துட்டு போயி டெர்மினல்ல வச்சுருவாங்க. மறுநாள் போட துணியும் பாஸ்போர்ட்டும் கையில தனியா எடுத்து வைங்க. மச்சான் பாஸ்போர்ட்ட மட்டும் எடுத்து வச்சாரு, சிங்கப்பூர் இமிகிரேஷன் லைன்ல கைலியோட நின்னாரு, கையில எங்கம்மாவோட கெட்டில்.