போர்ட்டரைப் பிடித்தால் பத்துச் சொல் கைக்கு வரும்

ஆங்கில அகராதியை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யப் பார்த்தவன் நான், 'ஏ' வரிசையைக்கூடத் தாண்டவில்லை. ஒரே எழுத்துக்கூட்டம் உள்ள சொற்களைச் சேர்த்துப் பிடிப்பது அதைவிட ரொம்ப எளிது. பி, ஓ, ஆர், டி என்ற நான்கு எழுத்தை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: இந்த நான்கும் இதே வரிசையில் வருகிற, ஏற்கெனவே தெரிந்த சொற்களை நோட்டில் எழுதுங்கள். போர்ட்டர், எக்ஸ்போர்ட், ரிப்போர்ட், ஏர்போர்ட் என்று சரசரவென வரும்.

படி 2: இருப்பதிலேயே எளிய சொல்லை எடுங்கள். ரயில் நிலையத்துப் போர்ட்டர் என்ன செய்கிறார்? சுமக்கிறார். லத்தீனில் 'போர்ட்டாரே' என்றால் சுமப்பது, அவ்வளவுதான்.

படி 3: முன்னால் ஒட்டியிருப்பதைக் கழற்றுங்கள். 'எக்ஸ்' வெளியே, 'இம்' உள்ளே, ஆகவே ஏற்றுமதி, இறக்குமதி. 'ரி' என்றால் திரும்ப. போன இடத்துச் சேதியைச் சுமந்துகொண்டு திரும்பி வந்து சொல்வது ரிப்போர்ட். 'சப்' என்றால் கீழே, கீழிருந்து தாங்குவது சப்போர்ட். யாராவது ஒரு கட்சிக்குப் பரிந்து பேசினால் 'முட்டுக்கொடுக்கிறான்' என்று கேலி செய்கிறோமே, கிட்டத்தட்ட அதே படம்தான்!

படி 4: இங்கேதான் வழுக்கும். ஏர்போர்ட்டில் இருப்பது சுமக்கிற போர்ட் அல்ல, துறைமுகம் என்று பொருள்படும் 'போர்ட்டஸ்' என்ற வேறொரு லத்தீன் சொல். போர்ச்சுகல் நாட்டின் பெயரில் இருப்பதும் அதுதான். எனக்குப் பிடித்தது ஆப்பர்ச்சூனிட்டி. உச்சரிப்பில் ஒளிந்துகொண்டாலும் எழுதிப் பார்த்தால் அந்த நான்கு எழுத்தும் உள்ளே இருக்கும். துறைமுகத்தை நோக்கிக் காற்று வீசுவதை வைத்துப் பிறந்த சொல் அது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நாம் சொல்வது களத்துக் காற்றை, அவர்கள் சொன்னது கடற்காற்றை.

படி 5: இரண்டிலும் சேராததைத் தனியே ஒதுக்குங்கள். 'மாடி போர்ஷன் வாடகைக்கு' என்ற பலகையில் இருக்கும் போர்ஷனுக்குச் சுமையும் இல்லை, துறைமுகமும் இல்லை, அது பங்கு என்ற பொருளில் வந்த தனிச் சொல். போர்ட்ரெயிட்டும் அப்படித்தான், அதன் வேர் 'இழுப்பது'. சந்தேகம் வந்தால் ஊகிக்காதீர்கள், நல்ல அகராதியில் சொல்லின் பிறப்பைத் தனியாகப் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

சரி, அடுத்து எஸ், பி, இ, சி, டி. இன்ஸ்பெக்டரில் தொடங்குங்கள், 'பார்ப்பது' என்ற வேர் அகப்படும்.